குகனின் சனிக்கிழமைகள்

வென்செல் என்ற அந்தப் பெரியவர் என் தம்பி குகனின் குசினியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

சோப்பை மணிக்கட்டு வரைக்கும் தேய்த்தார். விரலிடுக்குகளைத் தேய்த்தார். நகங்களை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துவாயில் ஒற்றிய பிறகும் ஈரம் முழுக்கக் காயட்டும் என்று இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே பிடித்தபடி கதிரையில் இருந்தார். மேசையில் பதினொரு அல்பங்கள். அவர் இன்னும் ஒன்றையும் தொடவில்லை.

குகன் போய் ஐந்து கிழமை ஆகியிருந்தது. ஒரு காலை, வேலைக்குப் போக எசன் நிலையத்து மேடையில் ரயிலுக்காக நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயது. இதயம் என்றார்கள்.

அவனுடைய ஒரே மகள் நிலானி. டோர்ட்முண்டில் கட்டடக்கலை படிக்கிறாள். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும், தனியே ஏலாது, வாங்கோ மாமி என்று அவள் கூப்பிட்டதால்தான் நான் அங்கே போனேன். அவன் உயிரோடு இருந்த கடைசி மூன்று வருடங்கள் நான் அந்த வீட்டுப் படியேறவில்லை. அவனோடு ஒரு சொல் பேசவும் இல்லை.

இந்தத் தொடரில் என்னுடைய நல்ல பக்கங்களை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன் என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். அவர் சொன்னது சரி. இந்த வாரம் அப்படி எழுத வழியில்லை.

சட்டைப் பையில் வந்தவை

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஜேர்மனிக்கு வந்தோம். நான், என் கணவர், பதினான்கு வயதுக் குகன். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார்கள். தென்மேற்கே அமெரிக்கப் படைமுகாம்கள் நிறைந்த ஒரு சின்ன நகரத்தில், அகதிகள் விடுதியில் எங்களை விட்டார்கள். ஒரு அறைக்குள் ஆறு கட்டில். நடைபாதை முடிவில் எல்லாருக்கும் பொதுவான ஒரு அடுப்பு.

வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் நான் ஒரு சலவைத் தொழிற்சாலைக்குப் போனேன். முகாம்களிலிருந்து உடுப்புகள் மூட்டை மூட்டையாக வரும். இயந்திரத்துக்குள் போட முன்னர் ஒவ்வொரு சட்டைப் பையையும் வெளியே புரட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. நாணயங்கள், பேனைகள், சூயிங்கம், காதலிமார் எழுதிய கடிதங்கள். இடைக்கிடை உள்ளங்கையளவு தடித்த அட்டைகள். அவற்றில் தொப்பி போட்ட ஆண்கள் கையில் உருளைத் தடியோடு சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

கிடைப்பதையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு ஒரு மாதம் வைக்க வேண்டும். கடிதங்களைத் தேடி ஆட்கள் ஓடி வருவார்கள். அட்டைகளைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. குப்பையில் போடு என்றார் மேற்பார்வையாளர். நான் குகனுக்குக் கொண்டுபோனேன். என் கைக்குத் தப்பி இயந்திரத்துக்குள் போய் வெளுத்து, ஓரம் பஞ்சாகிப்போன அட்டைகளையும் கொண்டுபோனேன். அவற்றையும் அவன் யன்னல் விளிம்பில் காயவைத்து எடுத்துவைத்தான்.

அது பேஸ்போல் என்ற விளையாட்டு என்று விடுதிக் காவலாளிதான் சொன்னார். குகன் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். தடி உருண்டையாக இருந்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று எப்படித் தெரியும் என்று அத்தானைக் கேட்டான். என் கணவரைத்தான் அவன் அத்தான் என்று கூப்பிடுவான். அவருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு பேருமாக கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை முறித்து, கந்தைத் துணிப் பந்தால் நடைபாதையில் அடித்துப் பார்த்தார்கள்.

அட்டையின் பின்பக்கம் ஆளின் உயரம், நிறை, பிறந்த இடம் எல்லாம் அச்சடித்திருக்கும். ஒரு பின்னேரம் கட்டிலில் குந்தியிருந்து படித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து சொன்னான்.

"அக்கா, இவையள ஒருத்தரும் கேக்காமலே பிறந்த ஊர் போட்டிருக்கினம்."

எங்களிடம் அந்தக் கேள்வியைக் கிழமைக்கு ஒரு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மூலை மழுங்காதவை

அவனுக்கு ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலைக்கு அவுஸ்பில்டுங் கிடைத்தது. மூன்று வருடப் பயிற்சி. முடிந்ததும் எசனில் வேலை. நாங்களும் அவனோடு வடக்கே வந்துவிட்டோம்.

சனிக்கிழமைகளில் அவன் எங்கேயோ போவான். அட்டை சேர்ப்பவர்கள் கூடுகிற சந்தைகள் என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. ஐம்பதுகளில் அமெரிக்காவில் சூயிங்கம் பொதிக்குள் வைத்துப் பிள்ளைகளுக்கு விற்ற படங்களாம். பிள்ளைகள் வளர்ந்ததும் தாய்மார் பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டார்களாம். தப்பியவை கொஞ்சம் என்பதால்தான் இப்போது பெரிய விலை. இங்கேயிருந்த படைவீரர்களின் வீடுகளில் சில தப்பின. மூலை மழுங்கியிருந்தால் விலை இறங்கிவிடும். மடிப்பு விழுந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதையெல்லாம் அவன் என்னிடம் எத்தனையோ தரம் சொன்னான். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே ஓம், ஓம் என்பேன்.

அவன் வீட்டுக்கு யார் போனாலும் பதினோராவது அல்பத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டுவான். அங்கே ஒரே ஒரு அட்டை. மஞ்சள் பின்னணியில் ஒரு இளைஞன் தோளில் தடியோடு நிற்கிறான். முதல் முழுச் சம்பளங்களைச் சேர்த்து வாங்கியது. அதைக் காட்டும்போது அவன் முகத்தில் ஒரு விதமான சிரிப்பு வரும். பெருமை என்று நினைத்திருந்தேன்.

அவனுடைய திருமணம் பத்து வருடம் நிலைத்தது. சனி முழுக்க வீட்டில் இல்லாத மனிதனோடு எப்படி அக்கா என்று அவன் மனைவி என்னிடம் வந்து அழுதாள். பிரிந்து போனாள். அவள் மீது எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்த அட்டைகள் மீதுதான்.

திதி

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவர் இறந்தபோது மகன் இடத்தில் நின்று கொள்ளி வைத்தவன் குகன். வருடம் முடிந்து வருகிற ஆட்டத்திவசத்துக்கும் அவன்தான் கருமத்தில் இருக்க வேண்டும். திதிப்படி பார்த்ததில், இறந்த திகதிக்குப் பதினொரு நாள் முந்தி, கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அது வந்தது. அவனிடம் இரண்டு தரம் சொன்னேன்.

பத்து மணிக்கு ஐயர் வந்துவிட்டார். தர்ப்பை, எள்ளு, பிண்டத்துக்குச் சோறு எல்லாம் தயார். குகன் வரவில்லை. கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பன்னிரண்டாகியது. ஐயருக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும். என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை இருத்திச் செய்து முடித்தோம். பெயரையும் கோத்திரத்தையும் ஐயர் கேட்டபோது அவர் தடுமாறினார். நான் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தேன்.

நாலு மணி போல் குகன் வந்தான். தலையும் சட்டையும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. சாப்பிட்டு முடித்த சனம் கூடத்தில் இருந்தது. அவன் வாசலில் நின்றான்.

"உனக்கு அத்தானை விட அந்தப் படங்கள் பெரிசாப் போச்சு. அதுகளையே கட்டிக்கொண்டு இரு. இனி இஞ்ச வராதை" என்றேன்.

அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். ஒரு காரணமும் சொல்லவில்லை. கழற்றப் போன சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

பிறகு அவன் மூன்று தரம் தொலைபேசி எடுத்தான். நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. ஒரு வருடம் போனால் இரண்டாவது வருடம் சுலபமாகிவிடுகிறது. மூன்றாவது வருடம் பழக்கமாகிவிடுகிறது. அப்படித்தான் போனது.

நீல வெளிச்சம்

வென்செலுக்கு இப்போது எண்பதுக்குக் கிட்ட இருக்கும். ஒரு காலத்தில் பாடசாலையில் புவியியல் படிப்பித்தவர். தனக்கு ஏதும் நடந்தால் அட்டைகளை வேறு ஒருவருக்கும் காட்டாதே, வென்செலைக் கூப்பிடு என்று குகன் மகளுக்குச் சொல்லிவைத்திருந்தான். அவர் பேசிய ஜேர்மனை என் தமிழில் எழுதுகிறேன்.

கை காய்ந்ததும் அவர் முதல் அல்பத்தைத் திறந்தார். அதில் இருந்தவை என் சலவைத் தொழிற்சாலை அட்டைகள். வெளுத்தவை, கசங்கியவை. இவற்றுக்கு விலையில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அடுத்த அல்பங்களுக்கு ஒரு தாளில் குறிப்பு எழுதினார். இது நல்லது, இது மிக நல்லது, இதை அவசரப்பட்டு விற்காதீர்கள் என்றார். இரண்டு மணித்தியாலம் போனது. நிலானி அவருக்குப் பக்கத்தில் இருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோராவது அல்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவர் கையை எடுத்துவிட்டார்.

அந்த அட்டையை நிலானி ஏற்கெனவே இணையத்தில் தேடியிருந்தாள். அது போன்ற ஒன்று அமெரிக்க ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று பார்த்தவள், படிப்பு முடிகிற வரைக்கும் கவலையில்லை மாமி என்று எனக்குச் சொல்லியிருந்தாள்.

"இது போலி" என்றார் வென்செல்.

நிலானியின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள்.

"மாமி, இவர் குறைஞ்ச விலைக்கு அமத்தப் பாக்கிறார். அப்பாவுக்குத் தெரியாத போலியே?"

அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் விளங்கியவர் போல எழுந்து திரைச்சீலைகளை இழுத்து மூடினார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் புற ஊதா விளக்கை எடுத்து எரித்தார். முதலில் வேறொரு அட்டைக்கு மேலே பிடித்தார். அது இருட்டாகவே கிடந்தது. பிறகு மஞ்சள் அட்டைக்கு மேலே பிடித்தார். அதன் ஓரமெல்லாம் புதுக் கடதாசி போல நீலமாக ஒளிர்ந்தது. ஐம்பதுகளின் கடதாசி இப்படி ஒளிராது, வெண்மையாக்கும் மருந்து போட்ட பிற்காலத்துக் கடதாசிதான் ஒளிரும் என்றார்.

நிலானி குனிந்து அதைப் பார்த்தாள். அப்பாவுக்கு இது தெரியுமா என்று ஜேர்மனில் கேட்டாள்.

"தெரியும். நான்தான் அவருக்கு விற்றேன்."

திரை இன்னும் மூடியிருந்தது. அவர் அந்த அரையிருட்டிலேயே மீதியையும் சொன்னார். அது நினைவுக்காகப் பிற்காலத்தில் அடித்த மறுபதிப்பு. அதைத் தேநீரில் நனைத்து, காயவைத்து, மூலைகளை உள்ளங்கையில் தேய்த்துப் பழசாக்கியிருக்கிறார். கேள்வி கேட்காமல் வாங்கக்கூடிய ஒருவன் வரட்டும் என்று மேசையில் வைத்திருந்தார். மொழி சரியாக வராத ஒரு வெளிநாட்டுப் பையன் வந்தான். காசை எண்ணிக் கொடுத்து வாங்கினான். நன்றி என்று இரண்டு தரம் சொன்னான்.

நிலானி எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். நீங்கள் போகலாம் என்றாள்.

வென்செல் எழுந்தார். எனக்கு முழங்கால் வலி. எழும்பாமலே அவரை இருக்கச் சொன்னேன். பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

இரண்டு வருடம் கழித்துக் குகன் அதே சந்தைக்கு வந்திருக்கிறான். அதற்குள் எங்கெங்கோ படித்து, பூதக்கண்ணாடி வாங்கி, அச்சுப் புள்ளிகளைப் பார்க்கப் பழகிவிட்டான். வென்செலின் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்ற நேரம். ஒரு சொல் சொன்னால் போதும், அவரை அன்றோடு எல்லாச் சந்தையிலும் இருந்து துரத்தியிருப்பார்கள். ஆசிரியர் வேலைக்கும் பழுது வந்திருக்கும். குகன் அட்டையை மேசையில் வைத்தான். ஆட்கள் விலகும்வரை காத்து நின்றான். பிறகு குனிந்து மெல்லச் சொன்னானாம்.

"இது என்னோடு இருக்கட்டும். நீங்கள் இன்னொன்று செய்யாதீர்கள்."

கொடுத்த காசை அவர் திருப்பி நீட்டியபோது வாங்கவில்லை. போய் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தான். அன்றைக்குப் பிறகு நான் அட்டை வாங்குவதும் மாற்றுவதும்தான், ஒன்றும் விற்கவில்லை என்றார் வென்செல். முப்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்திருக்கிறார்கள். இந்தக் கதையைக் குகன் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

மேலங்கி

அவர் புறப்பட முன்னர் நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். மூன்று வருடத்துக்கு முந்திய கார்த்திகையில், மழை பெய்த ஒரு சனிக்கிழமை, குகன் உங்களோடு இருந்தானா?

வென்செல் யோசிக்கவே இல்லை. இருந்தான் என்றார்.

எனக்குள் வேறொரு பதில் தயாராகக் கிடந்தது. கார் பழுதாகியிருக்கும், ஆருக்கோ சுகமில்லாமல் போயிருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பான் என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மணிக்குக் கிட்ட ஒரு அட்டையைக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று அதைக் கீழே வைத்திருக்கிறான். பையிலிருந்து தொலைபேசியை எடுத்துப் பார்த்திருக்கிறான். தமிழில் ஏதோ சொன்னான். அல்பங்கள் மேசையில், மேலங்கி கதிரையில். அப்படியே மழைக்குள் ஓடினான்.

அவன் மறந்துதான் போயிருக்கிறான். திகதியை நினைவு வைத்தவன் திதியை மறந்துவிட்டான். அவ்வளவுதான்.

"அடுத்த கிழமை மேலங்கியைக் கொடுத்தேன். அக்காவிடம் போய்ப் பேசு என்றேன். அவள் சொன்னது சரி, நான் மறந்தேன், அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்றான்" என்றார் வென்செல்.

வாசலில் நின்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவன். வீதியில் விபத்து என்று சொல்லியிருந்தால் நான் அழுது தலை துவட்டிவிட்டிருப்பேன். சோறு போட்டிருப்பேன்.

நிலானி திரைச்சீலைகளைத் திறந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. மாதக் கடைசிச் சனிக்கிழமை எசன் சந்தை, எல்லாருக்கும் முன்னால் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார் வென்செல்.

"வேண்டாம். அப்பா சொல்லேல்லை. அவர் சொல்லாததை நீங்களும் சொல்லாதேங்கோ" என்றாள் அவள். தமிழில் வந்துவிட்டது. பிறகு ஜேர்மனில் ஒருமுறை சொன்னாள்.

சந்தை

நான் போக விரும்பவில்லை. நிலானிதான் இழுத்துக்கொண்டு போனாள். எசனுக்கு வெளியே ஒரு தேவாலயத்தின் மண்டபம். மழைக் கோட்டுகளின் ஈர மணமும் வடிகட்டிக் கோப்பியின் மணமும். நாற்பது, ஐம்பது மேசைகள். அனேகமாக வயது போன ஆண்கள், மூக்கு நுனியில் கண்ணாடி.

செத்தவீட்டுக்கு இவர்களில் ஒருவருக்கும் நாங்கள் அறிவிக்கவில்லை. இப்படி ஒரு கூட்டம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. வென்செல் ஒரு மேசைக்கு எங்களைக் கூட்டிப்போனார். அதில் ஒன்றும் வைக்காமல் விட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து கைகொடுத்தார்கள். உங்கள் தம்பி போலி என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்றார் ஒருவர். உனக்கு விற்க மாட்டேன், உன்னுடைய பிள்ளைகளின் காசு இது, வீட்டுக்குப் போ என்று என்னைத் திருப்பி அனுப்பியவர் என்றார் இன்னொருவர். வீட்டில் அதிகம் பேசாத என் தம்பி இங்கே பகிடி விட்டு எல்லாரையும் சிரிக்கவைப்பானாம்.

நல்ல அல்பங்களை அன்றைக்கும் அடுத்த மாதமும் நிலானி கொடுத்து முடித்தாள். யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்று வென்செல் பக்கத்தில் நின்று சொன்னார். அவளுடைய படிப்புக்கு அது போதும். மஞ்சள் அட்டையை அவள் தன் அறையில் வைத்திருக்கிறாள். விலையில்லாத முதல் அல்பம் என்னிடம்.

அன்றைக்குக் கைகொடுக்க இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கோப்பி வாங்குகிற சாட்டில் மண்டபத்தின் மூலைக்குப் போனேன். அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி கேத்தலோடு நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கள்தான் அக்காவா?" என்று ஜேர்மனில் கேட்டாள். அக்கா என்பது என் பெயர் என்று நினைத்திருந்தாள்.

ஓம் என்றேன்.

வசந்தத்தில் உங்களுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்ததல்லவா, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அந்த மாதச் சந்தையில் அவனால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை, மகளுக்குத் தொலைபேசி எடுத்து எடுத்து விசாரித்துக்கொண்டே இருந்தான் என்றாள். அக்காவின் சமையல், அக்காவின் கோபம், அக்கா சலவைத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த அட்டைகள் என்று ஒவ்வொரு மாதமும் ஏதாவது சொல்லுவானாம். அதனால் படம் பார்க்காமலே எங்களுக்கெல்லாம் உங்களைத் தெரியும் என்றாள்.

அவள் கோப்பியை ஊற்றி வைத்துவிட்டு என் பதிலுக்காகக் காத்து நின்றாள். முதல் இரண்டு கிழமையும் நித்திரை கொள்ள முடியாத நோ என்று சொன்னேன். பிறகு ஊன்றுகோல், பிறகு பயிற்சி, இப்போது படி ஏறலாம், இறங்குவதுதான் கொஞ்சம் சிரமம் என்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு நின்றேன்.